பாக்கிச் சில்லறை

கடலூர் முதுநகர். பிரசவ அறைச் சுவரில்
லேமினேட் செய்த ஒரு தாள்:
'தொப்புள் கொடியில் உடனே கிளாம்ப் போடாதீர்.
ஒரு நிமிடமாவது பொறுக்கவும்.'
எங்கெங்கோ பிறந்த பிள்ளைகளின்
ரத்தத்தை அளந்து யார்யாரோ கண்டது.
மூன்று வருடமாய்
அதன் பின்னால் பல்லி குடியிருக்கிறது.
பக்கத்துக் கடிகாரத்துக்கு எப்போதும் இரண்டேகால்.

நான் கணக்கெடுக்க வந்தவள்.
கையில் படிவம், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
தெரியுமா என்றேன். தெரியும் என்றார்கள்.
செய்கிறீர்களா என்றேன்.
ஒருத்தி, துடைத்த ட்ரேயை மறுபடி துடைத்தாள்.

அன்று இரவுப் பணி அமலோற்பவம் சிஸ்டர்.
மூன்று மணிக்குப் பிள்ளை வந்தது, அழுதுகொண்டே.
தாயின் வயிற்றில் கிடத்தி, துணி போர்த்தி,
கொடிமேல் இரண்டு விரல் வைத்தார்.
மறு கையில் கிளாம்ப், வாய் திறந்தபடி.
உதடு மட்டும் அசைந்தது.
ஜெபம் என்று நினைத்தேன்.
கிட்டப் போனால்,

ஆல்பேட்டை
பெரிய கங்கணாங்குப்பம்
சின்ன கங்கணாங்குப்பம்
ரெட்டிச்சாவடி

ஊருக்கு இரண்டு மூச்சு.
முள்ளோடை, கன்னியக்கோயில்.
கிருமாம்பாக்கத்தில் என் வாட்ச் ஒரு நிமிடம் காட்டியது.
அவர் நிறுத்தவில்லை.
தவளக்குப்பம் தாண்டி, துடிப்பு அடங்கி,
நோணாங்குப்பத்தில் கிளாம்ப் விழுந்தது.
"நான் தினம் எறங்குற எடம்" என்றார், என்னைப் பாராமல்.

இன்னும் ஏன் வெட்டலை என்று
களைத்த குரலில் கேட்டவளிடம்
சொல்லிவிட்டுத்தான் இருந்தார் இடையிலேயே:
"கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னாடி
பாக்கி எழுதித் தர்றாரில்ல?
வாங்காம எறங்குவியா நீ?
உன் ரத்தம்மா, இவனுக்குச் சேர வேண்டிய சில்லறை.
வாங்கிக்கிட்டு வரட்டும்."

அந்தச் சுவர்த் தாளில்
இப்படி ஒரு வரி இல்லை.
என் படிவத்திலும் இடமில்லை.
'நேரம் அளக்கும் முறை:
சுவர்க் கடிகாரம் / கைக்கடிகாரம் / மற்றவை.'
மற்றவையில் 'பஸ்' என்று எழுதினேன்.
சென்னையிலிருந்து போன் வரும்,
எழுத்துப்பிழையா என்று கேட்டு.

விடிந்ததும் ஷிப்டு மாறியது.
விருத்தாசலத்துப் பயிற்சிப் பெண் குந்தவி,
கையுறை மாட்டிக்கொண்டே தயங்கினாள்:
"எனக்கு அந்த ரூட்டு தெரியாதே, சிஸ்டர்."

"ஊருக்கு எதுல போவ?"

"ரயில்ல."

"அப்ப ரயில்லயே போ."

குறிஞ்சிப்பாடி, என்று தொடங்கினாள் அவள்,
வடலூர், நெய்வேலி...
"மெதுவா" என்றார் சிஸ்டர்,
பையைத் தோளில் மாட்டியபடி.
"எக்ஸ்பிரஸ் வேணாம். பாசஞ்சர்."