பஞ்சு

மாத்திரை டப்பா சத்தம் போடும்.
குலுங்குகிற மினிபஸ்ஸில்
பதினாறு பேருக்கு நடுவில்
மடியில் வைத்த பை தானாக வாய்திறந்துவிடும்.
அதனால் புசெலெட்ஸோ
மருந்தை வாங்கியபின் கொஞ்சம் நிற்பாள்.
"பஞ்சு."

காயத்துக்கென்று வந்த பஞ்சு அது.
'கட்டுப்போட' என்று கணக்கில் எழுதுகிறேன்.
பொய் இல்லை.

மொகோட்லோங் மலையில் ஜூன் மாதம்
குழாயில் தண்ணீர் உறைந்துவிடும்,
பேச்சு உறையாது.
எங்கள் கிளினிக்கின் இரண்டாம் கதவுக்கு எதிரே
ஒரு பெஞ்சு இருந்தது.
காலையில் அதில் உட்கார்ந்தவளைப் பற்றி
மாலைக்குள் நாலு ஊர் பேசும்.
பெஞ்சை இழுத்து எல்லோருக்கும் பொதுவாகப் போட்டேன்.
அந்த நோய்க்கு மட்டும் பச்சை அட்டை.
எல்லா அட்டைக்கும் மக்காச்சோள மாவுப் பையைக் கிழித்து
உறை போட்டேன்.
யார் சொல்லிச் செய்தாய் என்றார் மாவட்ட அதிகாரி.
எலி கடிக்கிறது ஐயா.

நேற்று என் தம்பி மொலெஃபி வந்தான்.
குதிரையை வேலியில் கட்டிவிட்டு
போர்வையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.
பதினொரு மாடு பேசி முடித்திருக்கிறது,
சுரங்கத்தில் ஆறு வருஷம் தோண்டிய மாடுகள்.
"மாசாமாசம் இங்கே வருகிறாளாம். எதற்கு?"

"இந்த ஜன்னலுக்குப் பின்னால் எனக்குக் கண் தெரியாது."

"நீ என் அக்கா."

"ஐந்து மணிக்கு மேல்."

"சரி, ஐந்து மணிக்கு மேல் சொல்."

"அப்போது எனக்கு ஞாபகம் இருக்காது.
அவளைக் கேள், மொலெஃபி."

தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.
ஆறிய தேநீரை நான்தான் குடித்தேன்.

அவனுக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு.
ஆய்வகத்திலிருந்து வந்த கடைசி மூன்று சீட்டிலும்
'கிருமி தென்படவில்லை.'
கெட்ட சேதியைப் பூட்டி வைப்பது சுலபம்,
பயமே பூட்டாகிவிடும்.
இந்த நல்ல சேதி
ராத்திரி முழுக்கப் பல்லுக்குப் பின்னால்
துள்ளிக்கொண்டே இருந்தது.
சொன்னால் தம்பி தூங்குவான்.
நானும் தூங்குவேன்.
ஆனால் அதுவும் அவளுடையது.

இன்று அவள் முறை. வந்தாள்.
"அவர் வந்தாராமே?"
"வந்தான்."
"என்ன சொன்னீர்கள்?"
"உன்னைக் கேட்கச் சொன்னேன்."
என் முகத்தையே பார்த்தாள்,
வரிசையில் பின்னால் யாரோ இருமும்வரை.

பிறகு, நான் பிய்த்து வைத்திருந்த பஞ்சை
விரலால் என் பக்கம் தள்ளினாள்.

முற்றத்தில் அவள் நடக்க நடக்க
சலக், சலக்.
வேலியோரம் இன்றும் அந்தக் குதிரை.
அதன் பக்கத்தில் போய்
சத்தம் நின்றது.

மருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.