முப்பத்தொன்றாம் தேதி

எங்கள் காம்பராவுக்கும் புஷ்பமேரியின் காம்பராவுக்கும் நடுவில்
ஒரு சுவர் இருக்கிறது. கூரை வரை போகவில்லை.
கட்டியவன் கல்லை மிச்சம் பிடித்திருக்கிறான்.
அவன் விட்டுப்போன இரண்டு முழத்தில்
அங்கே கருவாடு வறுத்தால் இங்கே சோறு கூட இறங்கும்.
இங்கே நாங்கள் போட்ட சண்டைக்கு
மறுநாள் பீலியடியில் அவள் தீர்ப்புச் சொல்வாள்.

லைட் பில் ஏறிய மாதம்
கொழுந்து நிறுக்க நின்ற வரிசையில்
முதுகுக் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"ஒங்க வெளிச்சம் எங்க அடுப்பு வரைக்கும் வருது.
எங்க வெளிச்சம் ஒங்க கட்டில்ல விழுது.
ரெண்டும் எரிஞ்சு யாருக்கு லாபம்?"

அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்.
மழை, கிலோ குறைவு.
அரைப்பேர் போட்ட நாளில் யார் கணக்குச் சொன்னாலும்
காதில் நன்றாக ஏறும்.

செபமாலை அண்ணன் ஏணி பிடிக்க
இரண்டு பல்பையும் மோட்டுக்கு உயர்த்தினோம்.
ஒற்றைப்படைத் தேதி எங்கள் பல்பு,
இரட்டைப்படைத் தேதி அவர்கள் பல்பு.
முதல் மாதமே ஒரு தேங்காயும் ஒரு பாணும் மிஞ்சின.

மிச்சம் பிடிப்பதில் நான் புதியவள் இல்லை.
சீனியைக் கோப்பையில் கரைத்தால் இரண்டு கரண்டி,
உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடித்தால் அரைக் கரண்டி.
தேய்ந்த சவுக்காரத்தைப் புதுக்கட்டியின் முதுகில் ஒட்டுவேன்.
வெள்ளவத்தைக் கடையில் நிற்கும் யோகராசாவோடு
காசில்லாமல் பேசுகிறேன்:
ஒரு ரிங் என்றால் சாப்பிட்டாயிற்று,
இரண்டு என்றால் காசு போட்டாயிற்று.
மூன்று ரிங்குக்கு நாங்கள் ஒன்றும் வைக்கவில்லை.
ஒரு ராத்திரி மூன்று வந்தது.
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவள் என் மகள் நிலக்சனா.
ஏழாம் வகுப்பு. கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி வந்தாள்.
"அம்மா, முப்பத்தொண்ணும் ஒத்தை, அடுத்த நாள் ஒண்ணும் ஒத்தை.
ரெண்டு நாளும் நம்ம பல்புதான் எரியுது.
வருசத்துக்கு ஏழு தடவ."

ஏழு ராத்திரி.
பெரிய காசில்லை. எனக்கும் தெரியும்.
ஆனாலும் அன்று மலை ஏறும்போது
முன்னால் போகும் புஷ்பமேரியின் படங்குச்சாக்கையே பார்த்துக்கொண்டு போனேன்,
அதற்குள் என் ஏழு ராத்திரியை முடிந்து வைத்திருப்பவள் மாதிரி.
மத்தியானம் ரொட்டிக்குச் சம்பல் நீட்டினாள்.
வாங்காமல் இருந்து பார்த்தேன்.
வாங்கித் தின்றேன். பிறகு சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.
விரல் மடக்கி எண்ணினாள், ஏழு வந்தது.
மறுபடி எண்ணினாள்.
"அப்ப முப்பத்தொண்ணுக்கு ரெண்டு பேரும் போட வேணாம்" என்றாள்.

அதனால் முப்பத்தொன்றாம் தேதி
எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா இருட்டு.
ஏழு மணிக்கே சோறு. அடுப்பில் தணல் மட்டும்.
ஈரச் சுள்ளி சீறும்.
இருட்டில் யாருக்கும் படிப்பில்லை, தைப்பில்லை,
அதனால் பேச்சு சுவரேறி வரும்:
புதுக் கணக்கப்பிள்ளையின் நடை,
செபமாலை அண்ணனின் பல்வலி,
மஸ்கெலியாக் கடையில் பருப்புக்குள் கிடந்த பித்தளைப் பொத்தான்.
போன முப்பத்தொன்றில் புஷ்பமேரி
நான்கு வரி பாடினாள், பாதியில் மறந்துபோனாள்.
என் மகன் டினேஷ் மிச்சத்தைத் தப்புத் தப்பாகப் பாடினான்.
இருமல் வரும்வரை சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியபின்
கம்பளிக்குள்ளிருந்து நிலக்சனாவின் குரல்:
"பெப்ரவரி இருபத்தொம்போது வந்தா?"

இந்தப் பக்கம் நான் விரல் மடக்கினேன்.
அந்தப் பக்கமும் சத்தமில்லை.
தகரத்தில் தூறல் தொடங்கியது.

"அந்த வருசத்துக்கு இன்னும் நாளிருக்கு,"
சுவருக்கு மேலிருந்து வந்தது பதில்.
"தூங்கு புள்ள."