பத்தாவது

ஈஷூனில் எங்கள் பள்ளியில்
மூன்றாம் மாடி ஏழாம் அறை
எனக்கும் ஹால்வர்சனுக்கும் பொது.
காலையில் அவருக்குப் புவியியல்,
மதியம் எனக்குத் தமிழ்.

வெள்ளைப்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுவார்.
மேலே ஒரு புள்ளிகூட வைக்கமாட்டார்,
ஆறடி நாலங்குல ஆள்.
குனிந்து குனிந்து எழுதுவதைப் பார்த்து
பிள்ளைகளின் வசதிக்கு என்று நினைத்திருந்தேன்.
முதுகு மறைக்கிறது என்று கடைசி வரிசை முறையிட்டதாம்.
அப்போதும் அந்தக் கை மேலே போகவில்லை.

ஃபாட்ஸில்தான் சொன்னார், உடற்கல்வி ஆசிரியர்,
கேன்டீனில், மீ கோரெங்கை ஆறவிட்டு.
அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடியவனாம்.
என்ன ஆட்டம்?
கால்பந்து.

காலே அதிகம் படாத பந்துக்கு
அந்த ஊரில் வைத்த பேர்.
பந்தும் உருண்டை இல்லை, சின்னப் பப்பாளி.
காரணப்பெயர் என்று எவனாவது எழுதினால்
நான் சுழியம் போட்டிருப்பேன்.

அவரிடமே கேட்டேன்.
கடன் கணக்கை வாசிப்பது போலச் சொன்னார்:
ஒரே பருவம். முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் காயம்.
மூன்றாவது ஆளாக இறங்கி
பதினோரு நிமிடம்.
எறிந்தது ஒன்பது, பிடிபட்டது நான்கு.
எதிரணி பிடித்த ஒன்றை
நான்கில் சேர்க்கக்கூடாது என்றார், கறாராக.
பத்தாவதுக்குக் கை ஓங்கியபோது
நூற்று முப்பது கிலோ
தோளின்மேல் வந்து விழுந்தது.

அந்தத் தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்த
சியூ லிங்கைக் கட்டிக்கொண்டு
தோ பாயோவுக்குக் குடிவந்தது
தனிக் கதை. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பனி பெய்ததா என்று கேட்டேன்.
ஞாபகமில்லை.
பத்துப் பேர் வட்டமாய்க் குனிந்து
என் வாயையே பார்த்தார்கள்,
அது ஞாபகமிருக்கிறது.
இங்கே நாற்பது பேர்.
ஒருத்தர் பார்க்கட்டுமே.

அதற்குப் பிறகு
அவர் பாதியை நான் அழிப்பதில்லை.
நான் ஐந்தடிகூட இல்லை.
நாற்காலி போட்டு ஏறி
மேலே எழுதிக்கொள்கிறேன்.
வல்லினம் மிகும் இடங்களுக்குக் கீழே
தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும்.
இளமாறன் என்றொரு பையன்
இரண்டையும் சேர்த்து ஒரே பாடமாய்
எழுதிக்கொண்டு வந்தான்.
சிவப்பு மையை எங்கே வைப்பது?

ஆசிரியர் தின விருந்தன்று
எங்கிருந்தோ அந்தப் பப்பாளியை வாங்கிவந்தார் ஃபாட்ஸில்.
எறி, எறி என்று அறை முழுக்கச் சத்தம்.
ஹால்வர்சன் வாங்கினார்.
விரல்கள் தாமாகப் போய்
தையலின்மேல் உட்கார்ந்தன.
அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
அவர் என்னைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

இடுப்பருகே இருந்து,
கேக் தட்டை நீட்டுவது மாதிரி, எறிந்தார்.
என் ஒரு கையில் கறிபஃப்.
பந்து நெஞ்சில் பட்டு
நகலெடுக்கும் இயந்திரத்துக்கு அடியில் போனது.

எல்லோரும் ஐயோ என்றார்கள்.
அவர் மட்டும் கொஞ்சம் யோசித்து
"பத்துக்கு நான்கு" என்றார்.
மண்டியிட்டு, இடக்கையால் துழாவி எடுத்து,
ஊதித் தூசி தட்டி,
ஃபாட்ஸிலின் கையில் வைத்தார்.

பிறகு என்னிடம் வந்து,
புகைமூட்டம் இன்று அதிகம்,
மதியம் ஏழாம் அறையில்
சன்னல்களைச் சாத்திவிடுங்கள் என்றார்.