புகையிலை நீங்கலாக

மாதத்தின் கடைசி வேலைநாள்.
பாரீசில் ஐந்தரைக்குச் சந்தை மூடும்.
நெல்லித்தோப்பில் அப்போது இரவு ஒன்பது,
குளிர்காலம் வந்து அங்கே கடிகாரத்தைத் திருப்பிவிட்டால் பத்து.
மிஞ்சின மீன்குழம்பை ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு
நோட்டோடு கணினி முன்னால் உட்காருவேன்.

சொல்தா பென்ஷனில் ஒதுக்கின காசு.
பிரெஞ்சு சர்க்காரின் கடன் பத்திர பண்டு;
விலைவாசி ஏற ஏற அசலும் கூட ஏறும்.
எந்த விலைவாசி?
லியோனில் ரொட்டி, லில்லில் கேஸ், ரயில் டிக்கெட்.
பெரிய மார்க்கெட் வஞ்சிரம் அதில் கிடையாது.
இன்னொன்றும் கிடையாது, பத்திரத்திலேயே போட்டிருக்கிறது:
புகையிலை நீங்கலாக.

என் விதி ஒரு கைக்குள் அடங்கும்.
பத்து மாதத்தின் கடைசி விலைகளைக் கூட்டு,
பத்தால் வகு.
இன்றைய விலை மேலே என்றால் இரு.
கீழே என்றால் வெளியே வா.
ஏன் என்று கேட்காதே.

இருபத்திரண்டில் எண்ணெய், கோதுமை, கேஸ் எல்லாம் ஏறின.
விலைவாசிக்குக் குடை என்று விற்ற பண்டு
மழை கொட்டின வருஷத்திலேயே கிழிந்தது.
வட்டி அதைவிட வேகமாக ஏறினால் அப்படித்தானாம்.
நான் அதற்குமுன் வெளியே வந்திருந்தேன்,
காரணம் தெரியாமல், கோட்டை மட்டும் நம்பி.

மற்ற வருஷங்களில் அதே கோடு
என்னை அலைக்கழித்தும் இருக்கிறது.
மார்ச்சில் விற்று, மே மாதம் கூடக் கொடுத்து வாங்கி,
இரண்டு தடவை கமிஷன்.
சர்செல்லிலிருந்து பஸ்கால் போனில் சிரித்தான்:
"பஸ் போன பிறகு கை காட்டுறேம்மா நீ."
"எந்தப் பக்கம் போச்சுன்னாவது தெரியுது இல்லே" என்றேன்.

நோட்டின் ஓரத்தில் பென்சிலில் ஒரு பத்தி,
எந்த சர்க்காரும் சேர்க்காத கணக்கு.
மிஷேலின் சிகரெட், மாதம் எத்தனை பாக்கெட் என்று.
ஜிபூத்தி முகாமில் பிடித்த பழக்கம்.
சண்டைக்கு ஆதாரம் வேண்டுமே
என்று எழுத ஆரம்பித்தது.

இன்றைய விலை நூற்றிருபத்தொன்று நாற்பத்திரண்டு.
சராசரி நூற்றிருபத்தொன்று நாற்பது.
இரண்டே இரண்டு சாந்தீம் மேலே.
இரு, என்கிறது விதி.
கூட்டின கை நிற்கவில்லை,
ஓரப் பத்தியையும் கூட்டியது.

24, 25, 23, 24,
20, 17, 17,
11, 6,
2.

சராசரி பதினாறு புள்ளி ஒன்பது.

ஒவ்வொரு மாதமும் நான்தான் எழுதினேன்.
விடுகிறார், விட்டுவிடுவார் என்று
மாதா கோவிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றினேன்.
சட்டை தொளதொளத்ததற்கு
என் துவையலைச் சொன்னேன்.
தெருமுனைக் கடை நூற்றைம்பது அடி.
அதை நடக்க முடியாமல்தான்
கோடு இறங்கியிருக்கிறது.

கீழே என்றால் வெளியே வா.
நாற்பத்தொரு வருஷம்.
இந்தப் பத்திக்கு விற்கிற பொத்தான் இல்லை.

செருப்பைத் தேடாமல் போனேன்.
கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.
"ஐயாவுக்கா? பத்து ரூபா ஏறிடுச்சும்மா,
போன மாசமே."
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மிஷேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.
பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பைத்தியமா உனக்கு?
டாக்டர் என்னான்னு சொன்னான்..."
என்று பாதியில் நிறுத்தினார்.
டாக்டரிடம் போனதே எனக்குத் தெரியாது.

ஒன்றை உருவி, பற்றவைக்காமல்
மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார்.
நான் விளக்கை அணைக்கவில்லை.

பண்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.
பென்சிலை எடுத்து
இரண்டை அழித்து மூன்று என்று எழுதினேன்.

சராசரி பதினேழு.