அட்டை பிடிக்கிறவன்

எனக்குச் சம்பளம் ரெண்டு அட்டைக்கு.
ஒன்றில் ‘சிரிக்கவும்’, மற்றதில் ‘கைதட்டவும்’.
கமராவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
கைகாட்டினால் தூக்குவேன்.
கரடிப்போக்குச் சந்தி, இரும்புக்கடைக்கு மேல்மாடி,
கலியாண மேடை சோடிக்கிறவனிடம்
அரைவிலைக்கு வாங்கிய சிவப்புச் சோபா,
அதில் வாகீசன்.
வெள்ளி இரவு எட்டு மணிக்கு
ஸ்காபரோவிலும் பார்க்கிற வாகீசன்.

முன்பு அட்டை இல்லை.
பரந்தனில், விளையாட்டுக் கழகத்துத் தகரக் கொட்டகையில்
அவன் முதல்முதல் ஏறினபோது
மைக் என்னுடையது, பெற்றோல் காசும் என்னுடையது.
பதினேழு பேர்.
அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

‘வாழ்வாதாரம் எண்டு கோழிக்கூடு வந்தது, கோழி வரேல்லை.
வீட்டுத்திட்டம் வருமட்டும் நாங்கள் அதுக்குள்ள படுத்தம்.
விடிய அதிகாரி வந்து எண்ணினார்:
அஞ்சு உருப்படி, எல்லாம் சுகம்.’

பின்வரிசையில் ஒரு பஸ் கொண்டக்டர்
இருமல் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.
அதோடு தொடங்கினது.

பிறகு மல்லாவி, ஒட்டுசுட்டான், வவுனியா.
போன இடமெல்லாம் கேட்டது ஒரே பகிடி:
நுண்கடன் பொடியன் மோட்டச்சைக்கிளில் வர
அக்கா தண்ணித் தாங்கிக்குள் ஒளிக்கிறது.
வாகீசன் மேடையில் குந்துவான்,
இல்லாத மூடியைத் தலையால் தூக்குவான்,
‘தம்பி, அக்கா வீட்டில இல்லை.’
ஆயிரம் கைபேசியில் அந்தத் தலை.
தொலைக்காட்சி கூப்பிட்டது.

இப்போது அவன் கேட்கிற ஆள்.
கேள்வி கடதாசியில் வரும்.
‘அந்த நேரம் உங்கட மனநிலை எப்பிடி இருந்தது?’
மரதன் ஓடினவளுக்கும் அதுதான்,
மிளகாய்ச் செய்கைக்காரருக்கும் அதுதான்.
கையில் ஒரு கோப்பை. உள்ளே ஒன்றுமில்லை,
வெளியே ஒரு நிதி நிறுவனத்தின் பெயர்.
வெறுங்கோப்பையை அவன் உறிஞ்சினால்
பார்க்கிறவனுக்குத் தொண்டை நனையும்.
இல்லாத மூடியைத் தூக்கின ஆளல்லவா.

மாசி மாதம், தவமலர் வந்தா.
வட்டக்கச்சி. காளான் வளர்த்துப் பரிசு எடுத்தவ.
மைக்கைச் சேலையில் குத்த விடாமல்
கையில் பிடித்துக்கொண்டு இருந்தா.

‘அந்த நேரம் உங்கட மனநிலை...’
‘தம்பி, உங்கட தாங்கிக்குள்ள இருக்கிறது நான்தான்.
உங்கட மாமி எங்கட ஒழுங்கை. அவதான் சொல்லியிருப்பா.’

அட்டையைத் தூக்கினேன். முப்பது பேரும் சிரித்தார்கள்.

‘நல்லாச் செய்யிறியள், நானும் விழுந்து சிரிச்சனான்.
ஒண்டுதான் விட்டிட்டியள்.
தாங்கிக்குள்ள தண்ணி இருந்தது.’

அட்டை ரெண்டும் என் மடியில் கிடந்தன.
சனம் சிரித்தது,
கீழே இரும்பு வெட்டுகிறவன் கைநிறுத்திப் பார்த்திருப்பான்.
அவ விடவில்லை:
‘கழுத்தளவு. மார்கழி.
பொடியனும் போறானில்லை. முத்தத்தில நிண்டு
ஆரோ பெட்டையோட போன் கதைக்கிறான்.
அவள் வேண்டாம் எண்டிட்டாள் போல, குந்தியிருந்து அழுகிறான்.
எனக்கெண்டால் தும்மல் வருது...’

இடைவேளை, என்று காதுக்குள் கத்தினார்கள்.
திரையில் ஒரு பெண் காசு எண்ணிச் சிரித்தாள்,
கோப்பையில் இருந்த அதே பெயரின் கீழ்.

முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
வாகீசன் சோபாக் கைப்பிடியில் இருந்தான்,
கடதாசி இல்லை.
‘பிறகு? தும்மினீங்களோ?’
‘தும்மாமல்? தாங்கி அதிர்ந்தது.
அவன் நிமிரேல்லை, அழுதபடியே
“நூறு” எண்டான்.’

செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னா:
‘ஈரத்தோட இறங்கித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.
அந்தக் கிழமை காசு கேக்கேல்லை.
அடுத்த கிழமை ரெண்டு கிழமைக் காசும் கேட்டான்.’

வெள்ளிக்கிழமை காளான் மட்டும்தான் வந்தது.
சிரிப்பை எறியவில்லை.
அடுத்த கிழமை ஒரு நகைக்கடை முதலாளி
தன் மகனின் கார் பற்றி ஏதோ சொல்ல,
அதன் பின்னால் அதை ஒட்டினார்கள்.
பொருந்தித்தான் இருந்தது.
வாகீசன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான்,
பிறகு கோப்பையைத் தூக்கி
உறிஞ்சினான்.