மூணுக்கு சைபர்

தூத்துக்குடியில் பிரித்த பழந்துணி மூட்டையில்
கிலோ நூற்றுப்பத்து ரூபாய் என்று
பதினான்கு ஜெர்சி எடுத்து வந்தான் முத்துவாப்பா.
நீலமும் வெள்ளையும், கழுத்தில் மஞ்சள் கரை,
நெஞ்சில் முள்ளங்கி மாதிரி ஏதோ ஒன்று.
பதினான்காம் நம்பர் இரண்டு இருந்தது.
ஒன்பது இல்லை.
ஒம்பது இல்லாம எப்படிலே கோல் அடிக்க என்றான் காஜா,
எந்த நம்பர் போட்டாலும் கோல் அடிக்காதவன்.

எனக்கு ஒன்று. நான் கீப்பர்.
வலது முழங்கையில் கிழிசல்,
யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள்.
பாளையங்கால்வாயில் அலசினேன், சாயம் போகவில்லை.
தெரியாத ஒரு சோப்பு வாசம் மட்டும் போனது.

எழுத்தை வாசித்தது காஜாவின் தங்கச்சி அஃப்ரின்.
நாலாம் வருஷ டாக்டர் படிப்பைப் போட்டது போட்டபடி விட்டு
இரண்டு நாள் நடந்து எல்லை தாண்டி
மேலப்பாளையம் வந்து சேர்ந்தவள்.
இப்போது மாடியறையில், செல்போனில் வகுப்பு.
அங்கே கரண்ட் போனாலும் வகுப்பு இல்லை,
இங்கே போனாலும் இல்லை.

முள்ளங்கி இல்ல, பீட்ரூட்டு என்றாள்.
வெள்ளை பீட்ரூட். அதில்தான் அங்கே சீனி எடுக்கிறார்கள்.
இது சீனி ஆலை டீம். சுக்ரோவிக். சீனிக்காரன்.

போட்டோ பிடித்துத் தன் பழைய வீட்டுக்காரருக்கு அனுப்பினாள்.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் பதினோரு குரல்பதிவு.
கிழவர் அந்த ஆலையில் கொதிகலன் பார்த்தவராம்.
அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல
நாங்கள் படியில் உட்கார்ந்து கேட்டோம்.

பீட்ரூட் வந்திறங்கும் மாதங்களில் ஆட்டமே கிடையாது,
பதினோரு பேருக்கும் ஆலையில்தான் வேலை.
அப்புறம் நாடு மாறியது. சம்பளத்துக்குப் பணம் இல்லை,
ஆளுக்கு இரண்டு மூட்டை சீனி.
லெஃப்ட் பேக் அதை ரயிலடியில் விற்றுக் கல்யாணம் முடித்தார்.
அப்புறம் ஒரு எண்ணெய் முதலாளி,
டீமுக்குத் தன் கம்பெனிப் பெயரை வைத்தார்.
தலைநகர் டீமை ஒருதரம் ஒன்றுக்கு ஒன்றில் நிறுத்தினார்களாம்.
(இந்த இடத்தை இரண்டு பதிவில் சொல்லியிருந்தார்.)
முதலாளி போனார். பழைய பெயர் திரும்பி வந்தது,
பஸ்ஸுக்கு டீசல் வரவில்லை.
ஒரு மார்ச்சில், பனி உருகுமுன்,
லீக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

அணி விலகினாலும் அட்டவணை விலகாது.
மிச்சம் பதிமூன்று ஆட்டம்,
பதிமூன்றிலும் எதிராளிக்கு
மூணுக்கு சைபர் என்று எழுதினார்கள்.
முப்பத்தொன்பது கோல்.
அன்றிரவு என் முழங்கைத் தையலைத் தடவிப் பார்த்தேன்.
அடுக்களையில் ரொட்டி தின்றபடியே
முப்பத்தொன்பது வாங்கியிருக்கிறான் மனுஷன்.

ஆடியில் எங்களுக்கு லீக்.
பாளையங்கோட்டை மைதானம், காலை ஏழு மணி, சாரல் காற்று.
எதிரே வரவேண்டியது அம்பாசமுத்திரம் பக்கத்து மில் டீம்.
மில்லில் சித்திரையோடு சங்கு நின்றுவிட்டது,
பெயர் மட்டும் நோட்டீஸில் நின்றது.
ரெஃப்ரி பதினைந்து நிமிஷம் பொறுத்தார்.
நடுக்கோட்டில் பந்து நனைந்துகொண்டிருந்தது.
விசில்.
நோட்டை மடியில் வைத்து எழுதினார்,
மூணுக்கு சைபர்.
காஜா கையைத் தூக்கிக் கத்தினான்,
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

உங்க சட்டை ஜெயிச்சிட்டு என்று
அஃப்ரின் கிழவருக்குச் சொன்னாள்.
எட்டு நொடியில் ஒரு பதில்.
சிரிப்பா இருமலா, அவளுக்கே தெரியவில்லை.
பின்னால் சங்கு,
ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு இல்லை.
கடைசியில் ஒரு கேள்வி:
கோல் அடிச்சது எந்த நம்பர்?

ஒன்பதுன்னு போடச் சொன்னோம்.
செவ்வாய்க்கிழமை போட்டது.
இன்னும் ஒற்றை டிக்தான்.
அங்க கரண்டு இருக்காது என்கிறாள்.