நாலு செங்கல்

விடியற்காலை நாலே முக்காலுக்கு
நாலு செங்கல்லைப் பையில் போட்டு
முதுகில் மாட்டிக்கொண்டு
கல்லடிப் பழைய பாலத்தால் போய்
புதிய பாலத்தால் திரும்புகிறேன்.
ஒரு கல் இரண்டரைக் கிலோ.
கடை பூட்டிய பிறகு, எங்கள் மருந்துக்கடையில்
ஆள் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தது.

கல் என்னுடையதுதான்.
சீதன வீட்டின் இரண்டாவது அறைக்கென்று
ஆறு வருசமாய் வளவில் அடுக்கிக் கிடப்பது.
பாசி பிடித்து, பூரான் குடியேறி.
அந்த அறையின் கூரைக்காசு
இப்போது ஐந்து நாடுகளாய்ப் பிரிந்து
ஒரு சீ.ஆர். கொப்பிக்குள் இருக்கிறது.
பதினொரு மாதம்.
நாளுக்கு இவ்வளவு என்று கோடு போட்டு
கட்டிலுக்கு, பஸ்ஸுக்கு, சோற்றுக்கு,
சோறில்லாத ஊரில் என்னவோ அதற்கு.

"ஏஜென்சி ஆரு கா?" என்றாள் மேர்சி,
இருமல் பாணிப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு.
ஏஜென்சி இல்ல.
"அப்ப ஆரு கூப்பிடுற?"
ஒருத்தரும் கூப்பிடல்ல.
"அப்ப என்னத்துக்கு கா போறாய்?"
சும்மா.

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குக் காரணம்
முன்பே எழுதியாயிற்று.
கட்டாருக்கென்றால் வேலை. கனடாவுக்கென்றால் கலியாணம்.
சொல்லாமல் போவதென்றால் கடல்.
படிவத்திலும் ஒரு கட்டம் இருந்தது, பயணத்தின் நோக்கம் என்று.
சும்மாவுக்கு இங்கிலீசில் என்னவென்று தேடினேன்.
வீணாக என்றது அகராதி. வேலையின்றி என்றது. இலவசமாக என்றது.
மூன்றும் பிழை.
இலவசம் என்பது பெரும்பிழை.
சுற்றுலா என்று எழுதினேன், கை கூசியபடி.

கவுண்டரில் இருந்த மனிதர் கேட்டார்:
நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு
என்ன அத்தாட்சி?
வீட்டு உறுதியை நீட்டினேன்.
படம் உண்டா என்றார். கைபேசியில் இருந்தது.
ஓர் அறை, வானம் தெரிகிற இன்னோர் அறை,
பக்கத்தில் கற்குவியல்.
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
எதைக் கண்டாரோ,
முத்திரை விழுந்தது.

பை, அறுகம்பையில் ஒரு வெள்ளைக்காரன்
விடுதியில் விட்டுப்போனது.
ஒரு பக்கத்து வார் அறுந்திருந்தது.
காத்தான்குடித் தையல்காரர் முபாறக்
வாரைத் தைத்து, கேளாமலே உள்ளே ஒரு கள்ளப் பொக்கற்றும் வைத்தார்.
"எத்தின உடுப்பு கொண்டு போறீங்க?"
மூண்டு.
"நல்லநாள் பெருநாள் வந்தா?"
அந்த மூண்டுக்குள்ளதான்.
அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

பதினொரு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை
இதே கரையிலிருந்து ஓடியிருக்கிறேன்.
கையில் அகப்பட்டது ரீவீ ரிமோட்.
வீடும் ரீவீயும் தண்ணீரோடு போக
பள்ளிக்கூட முகாமில் மூன்று நாள்
அதைப் பிடித்தபடி இருந்தேனாம்.
எனக்கு நினைவிருப்பது பட்டன்கள் மட்டும்;
ஏழு தேய்ந்திருந்தது.

அவசரமில்லாமல் ஒரு பை கட்டுவது
எனக்கு இதுதான் முதல் தடவை.
உருட்டி, அவிழ்த்து, திரும்ப உருட்டி,
ஒரு சட்டையை வெளியே எடுத்து
ஒரு மணித்தியாலம் அதோடு யோசித்து
பிறகு உள்ளேயே வைத்துவிடுவது.
என்ன சுகமப்பா இது.
பற்தூரிகையின் காம்பைப் பாதியாய் வெட்டினேன்.
மிச்சமானது ஆறு கிராம். அதையும் கொப்பியில் எழுதினேன்.

இன்று பாலத்தில் வீச்சுவலைக்காரர்
கடைசியில் கேட்டேவிட்டார்.
"என்ன மகள் ஒவ்வொரு நாளும் பைக்குள்ள?"
கல்லு.
"வீடு கட்டவா?"
இல்ல, சுமந்து பழகிறதுக்கு.
வலையைக் கீழே வைத்தார். பையின் அடியில் கைகொடுத்து
ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.
"காணாது," என்றார்.

வீட்டுக்கு வந்து, நாலையும்
எடுத்த இடத்திலேயே அடுக்கினேன்.
பூரான் இடம் மாறியிருந்தது.
இன்னும் நாற்பத்தியொரு நாள்.
நாளைக்கு ஐந்து.